காப்புக் கையும் பாடையும்

நான் சாமி வேஷம் கட்டினவன். சினிமாவில் பிணமாகப் படுத்தவனும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்தது எங்கள் ஊரில் பஞ்சாயத்தாகிப் போனது. அதைத்தான் சொல்கிறேன்.

ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுவோம். நான் ஐந்தாவதோடு நின்றேன். தொண்டை நன்றாக இருக்கிறது என்று நாடகக்காரர் ஒருவர் கூட்டிப் போனார். முதலில் திரை இழுத்தேன். பிறகு சேவகன், மந்திரி. மீசை நன்றாக முளைத்த பிறகு ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம்.

எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கோவில்பட்டியில் நாடக நடிகர் சங்கத்துக்கு ஊர்க்காரர்கள் வந்து ஆளாளாகப் பேசிவிட்டுப் போவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். பேச்சை மேடையில் வைத்துக்கொள்வோம்.

சொந்த ஊர் மட்டும் வேறு. எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்குச் சாமி கல்யாண நாடகம் உண்டு. அதில் சாமி வேஷம் எனக்கு. அதற்கு யாரும் என்னிடம் பேச வரமாட்டார்கள். கோயிலில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால் பூசாரிக்கும் எனக்கும் காப்புக் கட்டுவார்கள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. கட்டினால் கவிச்சி கிடையாது. கட்டிலில் படுக்கக் கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

நாடகத்தன்று வேஷத்தோடு தெருத் தெருவாக நடக்க வேண்டும். பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆரத்தி எடுப்பார்கள். கைக்குழந்தையைக் காலடியில் போட்டுத் திருநீறு கேட்பார்கள். பூசுவேன். என் மனைவியும் தட்டோடு வாசலில் நிற்பாள். மற்ற பெண்கள் எப்படிக் கும்பிடுவார்களோ அப்படியே கும்பிடுவாள். நானும் மற்றவர்களுக்குப் பூசுகிற மாதிரியே அவளுக்கும் பூசிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி வருஷம் முழுக்க ஊர் ஊராகப் பஸ் ஏறினேன் என்று சொன்னால் அது பொய் இல்லை.

கோயில் தலைவருக்கு ஊரில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. என் மனைவி அங்கேதான் லேபிள் ஒட்டினாள். தலைவர் எனக்குச் சொந்தம் இல்லை. வயதில் மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்பேன். நாடகத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார். விடிகிற வரைக்கும் முதுகைச் சாய்க்க மாட்டார். நன்றாக இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நான் ஒரு அடியை இழுத்துப் பாடும்போது அவர் கை தொடையில் தாளம் போடாமல் அப்படியே நிற்கும். அது போதும் எனக்கு.

அந்த இழுப்புக்கு மூச்சு வேண்டும். ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்தால் முழு அடியும் ஒரே மூச்சில் போகும் எனக்கு. நெஞ்சில் மூச்சு எடுக்கிறவனுக்குத் தோள் ஏறி இறங்கும். வயிற்றில் எடுத்தால் இடுப்புக் கச்சை அசையும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விலாவிலும் முதுகிலும் எடுக்கச் சொன்னார். முன்னால் இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சாமி மூச்சு வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

தொண்ணூறுகளில் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கம் படம் எடுக்க அடிக்கடி வந்தார்கள். கரிசலில் வெடிப்பு விட்ட காட்டைக் காட்டினால் போதும், கஷ்டத்தைக் காட்ட வேறு செலவில்லை. கோவில்பட்டியில் லாட்ஜ் எடுத்துத் தங்குவார்கள். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க ஒரு ஏஜெண்ட் இருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில்தான் எப்போதும் இருப்பார். நாடகக்காரர்கள் எல்லாரும் அவருக்கு வணக்கம் வைத்தோம். நானும் வைத்தேன். ஒரு நாள் கூப்பிட்டார். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். பேசுகிற வேஷம் என்று நினைத்திருந்தேன்.

பிண வேஷம். அதற்கு முன்னால் படுத்த ஆளுக்கு வயிறு ஏறி இறங்கியிருக்கிறது. டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். மூச்சை முதுகுக்குக் கொண்டுபோனேன். கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் நின்றது. கட் சொன்ன பிறகும் நான் எழவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. டைரக்டர் ஓடிவந்து கன்னத்தில் தட்டினார்.

"யோவ், உயிரோடதான இருக்க? பிணம்னா இதான்யா பிணம்" என்றார்.

அதுதான் சினிமாவில் எனக்குக் கிடைத்த பாராட்டு. வேறு கிடைக்கவில்லை.

அங்கே ஒரு முறை உண்டு. பிணமாகப் படுத்தவன் கட் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். படத்தில் சேர்க்க மாட்டார்கள். செத்தவன் சாகவில்லை என்று கேமராவுக்குத் தெரிய வேண்டுமாம். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். டீ கொடுப்பார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதைத்தான் முதலில் கேட்பாள்.

"எந்திரிச்சுச் சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

அப்புறம்தான் சோறு போடுவாள்.

பிறகு வந்த கம்பெனிகளும் என்னையே கூப்பிட்டன. மாலை போட்ட பிணம், கிணற்றில் மிதந்த பிணம், கண்மாய்க் கரையில் வெட்டுப்பட்ட பிணம். ஒவ்வொரு தடவையும் ஏஜெண்டிடம் பேசுகிற வேஷம் கேட்பேன். "அண்ணே, பேச ஆயிரம் பேர் இருக்கான். சும்மா கெடக்க ஒங்கள விட்டா யாரு இருக்கா?" என்பார். ஊரில் கிண்டல் பண்ணினார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனி வந்தால் வெற்றிலை பாக்கு வந்தது.

ஒரு வருஷம் படப்பிடிப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மாசியில் என்றார்கள். கதாநாயகனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. நான் காப்புக் கட்டி மூன்றாம் நாள் ஏஜெண்ட் ஜீப்போடு வாசலில் வந்து நிற்கிறார். எல்லாரும் வந்தாகிவிட்டது, நான் மட்டும்தான் பாக்கி என்றார். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"காப்புக் கையோட பாடையில படுக்கப் போறீங்களா?" என்றாள்.

நாடகம்தானே என்றேன். மேடையில் எத்தனை தடவை செத்திருக்கிறேன், எவன் தீட்டுக் காத்தான் என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். நான் ஏறிப் போனேன். அன்றைக்கு எனக்கு மனதில் எந்தச் சஞ்சலமும் இல்லை. நடிப்பு நடிப்புத்தான் என்று நினைத்தேன்.

பக்கத்து ஊர்ச் சுடுகாட்டில் எடுத்தார்கள். டைரக்டருக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். பாடை கட்ட அந்த ஊரில் பாடை கட்டுகிற ஆளையே கூப்பிட்டிருந்தார்கள். சங்கு ஊதுகிறவரும் அந்த ஊர் ஆள்தான். மேளமும் அந்த ஊர்ச் சாவு மேளம். அழுவதற்குச் சுற்றுப்பட்டு ஊர்களில் களையெடுக்கிற பெண்களைக் கூலிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். அசிஸ்டெண்ட் ஒருவன் வந்து என் கையிலிருந்த காப்பைக் கழற்றச் சொன்னான். மாட்டேன் என்றேன். செத்தவர் கையில் மஞ்சள் கயிறு எப்படி வரும் என்றான். அது உங்கள் பாடு என்றேன். கடைசியில் கையை மாலைக்குள் மறைத்து வைத்தார்கள்.

வாய்க்கரிசி போடுகிற மாதிரி ஒரு ஷாட். அரிசியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும் என்று டைரக்டர் சொன்னார். அந்தப் பெண்களுக்கு அப்படிக் கொண்டுபோய்ப் பழக்கமில்லை. போட்டுத்தான் பழக்கம். முதலில் வந்த வயசாளி என் வாயை விரலால் விலக்கி அரிசியைப் போட்டுவிட்டாள். அடுத்தவளும் போட்டாள். கேமரா ஓடுகிறது. நான் பிணம். துப்பக் கூடாது, விழுங்கக் கூடாது. பச்சரிசி நாக்கில் ஊறிக்கொண்டு கிடந்தது.

கட் சொன்னார்கள். எழுந்தேன். கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அரிசியை ஓரமாகத் துப்பினேன். பூசணிக்காய் உடைத்தார்கள். டீ கொண்டுவந்தான் ஒருத்தன். குடிக்க முடியவில்லை. சுடுகாட்டை ஒட்டி ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய்த் தொட்டியில் இறங்கித் தலையோடு முங்கினேன். ஈர வேட்டியோடு கரையேறினேன். அப்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டிராக்டரில் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனார். என்னைப் பார்த்தார். பாடையையும் பார்த்தார். நிறுத்தாமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. என்னையும் வரச் சொன்னார்கள். போனேன். போனவுடன் ஒரு இளவட்டம், "பதினாறு எப்பம்ண்ணே? சொல்லி விடுங்க, சாப்பிட வாரோம்" என்றான். சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேர் என் பக்கம்தான் பேசினார்கள். கூத்தாடிக்கு எது சாவு, எது வாழ்வு, அதெல்லாம் கணக்கில் வராது என்றார் ஒருவர். பூசாரியும் தலையாட்டினார். தலைவர் எல்லாரையும் பேச விட்டார். பிறகு சொன்னார்.

"மேடையில சாகுதவன் திரைச்சீலைக்குப் பின்னால எந்திரிச்சுப் போயிருதான். அது வேற. இங்கன பாடை கட்டுனவன் நெசத்துக்குக் கட்டுதவன். சங்கு ஊதுனவன் நெசத்துக்கு ஊதுதவன். சுடுகாடு நெசம். இவன் ஒருத்தன் மட்டும் பொய்யா?"

"எந்திரிச்சுக் கேமராவப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் வந்தேன், அண்ணாச்சி. அங்கன அதுதான் முறை" என்றேன்.

"பெறகு எதுக்குக் குளிச்சே?"

நான் பூசாரியைப் பார்த்தேன்.

"சிரிச்சது சினிமாவுக்கு. குளிச்சது யாருக்குலே?"

எனக்காகப் பேசினவர்களும் தரையைப் பார்த்தார்கள். அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சாவு இல்லை என்றால் குளியல் இல்லை. குளித்தவன் தானே சாவை ஒத்துக்கொண்டவன். வெயிலுக்குக் குளித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அரிசியைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் மோசமாகும் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். பூசாரி காப்பை அவிழ்த்தார்.

சாமி வேஷத்துக்கு மதுரைப் பக்கமிருந்து ஒரு ராஜபார்ட்டை வரவழைத்தார்கள். நல்ல பையன். வந்ததும் என் வீட்டுக்கு வந்து வணங்கிவிட்டுத்தான் போனான். நாடகத்தன்று மேளச் சத்தம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் உள்ளே இருந்தேன். என் மனைவி தட்டை எடுத்தாள். சூடம் ஏற்றினாள். என்னைப் பார்த்தாள். வாசலுக்குப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் நெற்றியில் திருநீறு.

"சாமிக்கு எடுத்தேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அன்றையிலிருந்து படப்பிடிப்பு முடிந்து வந்தால், சிரித்தீர்களா என்று அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சோறு மட்டும் போட்டாள்.

எங்கள் ஊரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேச்சு பரவியது. சங்கத்துக்கு வருகிற ஊர்க்காரர்கள், பிணமாக நடிக்கிறவர் சாமி வேஷத்துக்கு வேண்டாம் என்று சொல்லிப் பேசினார்கள். இடைசெவல் பக்கம், ஓட்டப்பிடாரம் பக்கம் எல்லாம் அதே பேச்சு. எனக்கு அப்பா வேஷம், வேடர் தலைவன் வேஷம் வந்தது. அதற்கும் பாட்டு உண்டு. கொஞ்சம்தான். நின்றுகொண்டு மற்றவன் சாமியாகப் பாடுவதைக் கேட்க வேண்டும். அவன் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கண்டுகொள்வதில்லை.

சினிமா மட்டும் விடாமல் கூப்பிட்டது. பிறகு டிவி சீரியல் வந்தது. அதில் படுக்கவும் வேண்டாம். சென்னைக்கு ஒரு நாள் கூப்பிட்டுப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவுக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டினார்கள். கதாநாயகியின் செத்துப்போன தகப்பன் நான். கதை நடக்கிற வீட்டில் தினமும் சாயங்காலம் என் முகம் தொங்கியது. முன்னால் ஊதுபத்தி. அவள் அழுதால் என்னைப் பார்த்துத்தான் அழுவாள். ஊரில் எல்லா வீட்டிலும் ஓடியது. என் மனைவி அந்த நேரம் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவாள். குழாயில் தண்ணீர் வராத நேரம் அது.

பங்குனி ஒவ்வொன்றாகப் போனது. ஊரில் செல்போன் வந்தது. தலைவருக்குச் சர்க்கரை வந்தது. பிறகு கிட்னி. திருநெல்வேலிக்கும் ஊருக்குமாகக் காரில் போய் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸை மகன் பார்த்தான். ஒரு மாசி மாதம், இனி இங்கேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

என்னைக் கூப்பிட்டு விட்டார். இத்தனை வருஷத்தில் நேரில் பார்த்தால் வணக்கம் வைப்பேன், அவரும் வைப்பார். பேச்சு இல்லை. போனேன். கட்டிலில் கிடந்தார். முகம் வீங்கியிருந்தது. கால் குச்சியாக இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏலே, அங்கன எப்படி இருந்திச்சு?" என்றார்.

"எங்கன, அண்ணாச்சி?"

"பாடையில."

நான் எதிர்பார்க்கவில்லை. வெயில் என்றேன். மூங்கில் முதுகில் குத்தியது என்றேன். மாலையில் எறும்பு இருந்தது என்றேன்.

"அதக் கேக்கல" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அதுவரைக்கும் சொல்லவில்லை.

"வாய்க்கரிசி போட்டாங்க. பாவலாத்தான் பண்ணச் சொன்னாங்க. பழக்கதோசத்துல நெசமாவே போட்டுட்டாங்க. நாக்குல ஒட்டிக்கிட்டு. அதுக்குத்தான் குளிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"அப்பமும் அவுத்துத்தான் இருப்பேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். அவருக்கு அளந்துதான் தண்ணீர். ஒரு மடக்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. குடித்துவிட்டு மறுபடி கேட்டார்.

"அழுதாளுகளா?"

"கூலிக்கு வந்தவங்கதான். மொதல்ல மேளத்துக்குச் சரியா அழுதாங்க. பெறகு ஒருத்தி செத்துப்போன அவ மகன் பேரைச் சொல்லிட்டா. அதுக்குப் பெறகு மேளத்துக்கு நிக்கல. ஒவ்வொருத்தியும் அவ அவ ஆளுக்கு அழுதா."

"ஒனக்கு யாரும் அழல."

"இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"எனக்கு எப்படி அழுவாளுகளோ. மேளத்துக்கு நிக்குமோ, நிக்காதோ" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. நான் எழுந்தபோது, "இந்தப் பங்குனிக்கு நீயே கட்டு. மகன்ட்டச் சொல்லிட்டேன்" என்றார். காரணம் சொல்லவில்லை. அன்றைக்குத் தான் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. தப்பு என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அரிசியைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து என் பட்டு வேட்டியை எடுத்து வெயிலில் போட்டாள். பூச்சி அரித்து இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை. உட்கார்ந்து தைத்தாள்.

வெற்றிலை பாக்கு வந்தது. பூசாரி காப்புக் கட்டினார். நான் தொண்டையைச் சோதித்துப் பார்த்தேன். ஐந்து கட்டை இனி ஏறாது. நாலரையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆர்மோனியக்காரருக்குச் சொல்லிவிட்டேன். காட்டுக்குப் போய்த் தனியாகப் பாடிப் பார்த்தேன். பருத்தி எடுத்து முடிந்த காடு. கேட்க ஆளில்லை. ஓரளவு வந்தது.

நாடகத்துக்கு முதல் நாள் காலையில் தலைவர் போய்விட்டார்.

பொங்கல் நிற்குமா என்று பேச்சு வந்தது. தான் போனாலும் பொங்கலை நிறுத்தக் கூடாது, உச்சிக்கு முன்னால் தன்னை எடுத்துவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தாராம். அப்படியே செய்தார்கள். காப்புக் கட்டினவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தூக்கிப் போவதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பூசாரி கோயிலுக்குள் இருந்துகொண்டார். சுடுகாட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

என் மனைவி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். நான் நடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சங்குச் சத்தம் வந்தது.

"போகணும்னா போங்க. நான் நகந்துக்கிடுதேன்" என்றாள்.

நான் காப்பைப் பார்த்தேன். போனால் அவருக்காகப் போனதாகும். இதைக் கட்டச் சொன்னதும் அவர்தான். இரண்டில் எது அவருக்குச் செய்கிற மரியாதை என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. எனக்கு அந்த வேஷம் வேண்டியிருந்தது. அது மட்டும் தெரியும்.

"வேண்டாம்" என்றேன்.

மேளம் வாசலுக்கு நேராக வந்தது. பாடை எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. தோள் மாற்றியிருப்பார்கள். பிறகு நகர்ந்தது. கூடவே பெண்களின் அழுகை. எங்கள் தெரு முக்கு வரைதான் பெண்கள் போவார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மேளம் முக்குத் திரும்பும் வரைக்கும் கேட்டேன்.

மறுநாள் வேஷம் கட்டினேன். தெருவில் நடந்தேன். காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆரத்தி எடுத்தார்கள். திருநீறு வாங்கிக்கொண்டார்கள். கைக்குழந்தையை யாரும் காலடியில் போடவில்லை. வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர்களும் தங்கள் நெற்றியை மட்டும் நீட்டினார்கள். பிள்ளையின் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை. தானாகவே எல்லாரும் அப்படிச் செய்தார்கள். என் மனைவி மட்டும் பக்கத்து வீட்டுப் பேத்தியை வாங்கி என் முன்னால் நீட்டினாள். பிள்ளையின் தாய் வந்து பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேடையில் பாடினேன். முன்னால் தலைவர் உட்காருகிற இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். விடிய விடிய நடந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது என்றார்கள்.

காப்பு அவிழ்த்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். தலைவர் மனைவியை மதினி என்பேன். நடுவீட்டில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நானும் கீழே உட்கார்ந்தேன். பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் எழுந்து வெளியே போன பிறகுதான் மதினி பேசினார்.

"காப்புல இருந்தீங்க. வரக்கூடாதுதான்" என்றார்.

"கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன், மதினி."

"தெரியும். நிப்பாட்டச் சொன்னதே நான்தான்."

அவர் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவிய ஒங்ககிட்டக் கேட்டது என் காதுல விழுந்திச்சு, தம்பி. அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். எப்படி அழுவாளுகளோன்னு கேட்டாவளே."

"ஆமா."

"நீங்க கேட்டீங்கள்லா. எப்படி இருந்திச்சு?"

"மேளத்துக்கு நிக்கல, மதினி."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் இருந்தேன். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன்.